மருந்தும் நாழிகையும்

1729ஆம் ஆண்டு பிரெஞ்சு வானியல் அறிஞர் தெ மெரான், தொட்டாற்சுருங்கியைப் போன்ற ஒரு செடியை ஒளி புகாத இருட்டில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரித்து இரவில் மடிப்பது அச்செடியின் இயல்பு. கதிரவனைக் காணாதபோதும் அது வேளை தவறாமல் விரிந்தது, மடிந்தது. விண்மீன்களை ஆராய்ந்தவருக்கு இது சிறு செய்தியாகத் தோன்றியது போலும்! நண்பர் மார்ஷான் என்பவரே பாரிசு அறிவியற் கழகத்திற்கு அதை அறிவித்தார். அச்சிற்றறிக்கையில், படுக்கையிற் கிடக்கும் நோயாளரும் இவ்வாறே பகலிரவு வேற்றுமையை உணர்கின்றனர் என்றொரு குறிப்பு உண்டு. செடியைப் பற்றிச் சொல்லவந்த இடத்தில் நோயாளரின் நினைவு எழுந்ததே, அதுதான் என் நெஞ்சைத் தொட்டது.

1814இல் விரே என்னும் பிரெஞ்சு மருந்தாளர், உடலுக்குள் ஓர் 'உயிருள்ள கடிகாரம்' இயங்குவதாகத் தம் ஆய்வேட்டில் எழுதினார். எல்லா மருந்துகளையும் எந்த வேளையிலும் ஒன்றுபோலக் கொடுத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. ஆயினும், அக்கருத்து ஆய்வுக்கூடத்தில் வலுப்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1960இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹால்பர்க் குழுவினர், எலிகளுக்குக் குறிப்பிட்ட அளவு நுண்ணுயிர் நஞ்சைப் பல்வேறு வேளைகளில் செலுத்தினர். ஒரு வேளையில் பெரும்பாலானவை மாண்டன. அதே அளவு நஞ்சைப் பெற்றும் வேறொரு வேளையில் பெரும்பாலானவை பிழைத்தன. அளவோடு நாழிகையும் சேர்ந்ததே மருந்து என்பது தெளிவாயிற்று. நம் கல்லீரல் இரவில் மிகுதியாகக் கொழுப்பை உண்டாக்குவதால்தான், விரைவில் உடலைவிட்டு நீங்கும் சிம்வாசுடாட்டின் மாத்திரையை மாலையில் உட்கொள்ளச் சொல்கின்றனர்.

முதுமையின் கதையோ இன்னும் பிந்தித்தான் எழுதப்பட்டது. 1975இல் குளோட்சு என்பவரும் உடன் ஆய்வாளரும் டயாசிபாம் என்னும் மருந்தை அளந்தனர். உடலில் சேர்ந்த அம்மருந்தின் அளவு பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. 80 வயதிலோ சுமார் 90 மணி நேரம்! முதுமையில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் இம்மருந்து அங்கே தங்கிவிடுகிறது. எனவே இன்றிரவு மாத்திரை விழுங்கும் முதியவரின் உடலில் நேற்றையதும் முன்தினத்ததும் எஞ்சியிருக்கும். அவர் காலையில் தள்ளாடுகிறார், பேச்சுக் குழறுகிறார், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். 'வயதாகிவிட்டது' என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

இதில் வருந்தத்தக்கது வேறொன்றும் உண்டு. முதுமையில் உடற்கடிகாரமும் தளர்ந்து, சற்று முந்தி ஓடத் தொடங்குகிறது. பாட்டி அந்தி சாய்ந்ததும் கண்ணயர்ந்து, விடியுமுன்னே விழித்துச் செபமாலையைக் கையிலெடுப்பது பெரும்பாலும் நோயன்று. அதை நோயென்று எண்ணி, வீட்டார் உறக்கம் கெடாதிருக்க மாத்திரை கேட்டு வாங்குகிறவர்களை நாம் அறிவோம். 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்சு, முதியோர் காப்பகங்களில் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலை வெளியிட்டபோது, டயாசிபாமும் அதில் இடம்பெற்றது.

நாழிகையே எல்லாம் என்று கொள்வதும் பிழையாகும். இரத்தக்கொதிப்பு மாத்திரையை இரவில் உட்கொண்டால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் வலுத்தது. பிரித்தானியாவில் 21,104 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. காலையில் உட்கொண்டவர்க்கும் மாலையில் உட்கொண்டவர்க்கும் அது வேறுபாடு காணவில்லை. ஆகவே வேளையை நாமாக மாற்றுதல் தகாது. நெடுநாள் பழகிய டயாசிபாமைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். அதை மருத்துவரே படிப்படியாகக் குறைத்துத் தருவார்.