லண்டன் மாணவரும் வாக்குப்பெட்டியும்

1868ஆம் ஆண்டுத் தேர்தலில் லண்டன் பல்கலைக்கழகம் தனக்கென ஓர் உறுப்பினரை முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பெயர் ராபர்ட் லோ. தொழிலாளர்களுக்கு வாக்குரிமையை விரிவுபடுத்தக் கூடாது என்று தொண்டை கிழியப் பேசியவர். அவர் பேச்சையெல்லாம் மீறி 1867இல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம்தான் இந்தப் புதிய தொகுதியையும் பெற்றெடுத்தது. அதில் போய் அவரே அமர்ந்துகொண்டார். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் 1603 முதலே இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. லண்டன் பந்திக்குப் பிந்தி வந்த விருந்தாளி.

பல்கலைக்கழகத் தொகுதி என்றதும் மாணவர்கள் வரிசையில் நின்று வாக்களித்திருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வாக்கு பட்டதாரிகளுக்கு மட்டும்தான். 1986இல் சட்டமேலவை கலைக்கப்படும்வரை தமிழ்நாட்டில் இருந்த பட்டதாரிகள் தொகுதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. லண்டனை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆங்கிலேயர் காலத்துச் சென்னைச் சட்டமன்றத்தில் ஓர் இடம் இருந்தது. லண்டனில் பட்டம் பெற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் தபாலில் வாக்களிக்கலாம். வீடு இருக்கும் தொகுதியில் ஒரு வாக்கு, பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு வாக்கு. படித்துக்கொண்டிருப்பவருக்கோ ஒன்றும் இல்லை. 1878இலேயே பெண்களுக்குப் பட்டக் கதவைத் திறந்துவிட்டது லண்டன் பல்கலைக்கழகம். ஆனால் அந்தப் பட்டதாரிப் பெண்கள் நாடாளுமன்ற வாக்குக்கு 1918 வரை காத்திருந்தார்கள். அப்போதும் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும்.

இந்தத் தொகுதியில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1922இலும் 1923இலும் தொழிற்கட்சிக்காக நின்று இரண்டு முறையும் தோற்றார். கடைசி உறுப்பினர் எர்னஸ்ட் கிரகாம் லிட்டில் என்ற தோல் மருத்துவர். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்ற வழக்கத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1950 தேர்தலோடு பல்கலைக்கழகத் தொகுதிகள் மறைந்தன.

வாக்குப்பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்பது தனிக்கதை. 1872க்கு முன்னால் பெட்டியே கிடையாது. மேடை கட்டி, ஊரார் பார்க்க, யாருக்கு வாக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிக்கான மேடை கோவென்ட் கார்டனில் போடப்பட்டது. அங்கே பேச்சைவிடக் கூச்சல்தான் அதிகம். 1872இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பெட்டி வைத்தபோது, அதிமதுர மிட்டாய்க்கு அச்சுக் குத்தும் முத்திரையையே அரக்கில் பதித்து மூடினார்கள். அந்தச் சட்டத்தில் சிறியதாக ஒரு விதியும் இருந்தது: அரசு மானியம் பெறும் பள்ளி அறைகளைத் தேர்தல் அதிகாரி வாடகையின்றி எடுத்துக்கொள்ளலாம். லண்டன்வாசிகள் இன்றும் தொடக்கப் பள்ளியின் சின்ன நாற்காலிகளுக்கு நடுவே வாக்களிப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழக மண்டபங்கள் அந்த விதிக்குள் வரவில்லை.

மாணவர் வாக்காளரானது 1969இல். வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்த சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது. இந்தியாவில் அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1970 மார்ச் 12 அன்று பிரிட்ஜ்வாட்டர் இடைத்தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள். உடனே வந்தது அடுத்த கேள்வி: மாணவரின் ஊர் எது? அப்பா அம்மா இருக்கும் வீடா, விடுதி அறையா?

அந்நாளில் வாக்காளர் பட்டியல் ஆண்டுக்கு ஒன்று. அக்டோபர் 10 அன்று யார் எங்கே வசிக்கிறார் என்பதே கணக்கு. கல்லூரி திறந்து சில நாள்கூட ஆகாத நேரம். பிரிஸ்டலிலும் கேம்பிரிட்ஜிலும் அதிகாரிகள் மாணவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். வழக்கு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஃபாக்ஸ் எதிர் ஸ்டிர்க் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த 1970ஆம் ஆண்டு வழக்கில், ஒருவருக்கு இரண்டு வசிப்பிடங்கள் இருக்கலாம் என்று டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. விடுதியும் வீடுதான். இரண்டு இடத்திலும் பெயரைப் பதியலாம். நாடாளுமன்றத் தேர்தலில் ஓர் இடத்தில்தான் வாக்களிக்கலாம். இந்தியாவில் இரண்டு பட்டியலில் பெயர் இருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மாணவர் வாக்கை எளிதாக்க நூறு சுவரொட்டி செய்யாத வேலையை இந்த ஒரு தீர்ப்பு செய்தது.

பிறகு நெடுங்காலம் பதிவு ஒரு சிக்கலாகவே இல்லை. விடுதியில் இருக்கும் எல்லோர் பெயரையும் நிர்வாகமே மொத்தமாக எழுதி அனுப்பிவிடும். 2014இல் இங்கிலாந்தில் தனிநபர் பதிவு முறை வந்தது. ஒவ்வொருவரும் தேசியக் காப்பீட்டு எண்ணோடு தாமே பதிய வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு, அடிக்கடி அறை மாறும் மாணவர்களைப் பட்டியலிலிருந்து உதிர்த்தது. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தோடு வாக்காளர் பதிவையும் இணைத்துப் பார்த்தது ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம். மாணவர் பதிவுக்குப் பல்கலைக்கழகங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் வழிசெய்தது.

வளாகத்திலேயே சாவடி வைத்தால் என்ன என்று கேட்கலாம். லண்டனில் அதன் பயன் குறைவு. வாக்காளருக்கு அவர் முகவரிக்குரிய சாவடி ஒன்றுதான். ப்ளூம்ஸ்பரியில் படிப்பவர் ஹாரோவிலோ இல்ஃபோர்டிலோ வீட்டிலிருந்து ரயிலில் வந்துபோகிறவராக இருந்தால், கல்லூரி வாசலில் இருக்கும் பெட்டி அவருடையதல்ல. கார்ட்ரைட் கார்டன்ஸ் போல விடுதிகள் நெருங்கி நிற்கும் இடங்களுக்கு அது பொருந்தும். நெரிசலுக்கும் முன்யோசனை வேண்டும். 2010 தேர்தலில் ஷெஃபீல்டிலும் லண்டன் ஹாக்னியிலும் இரவு பத்து மணிக்குக் கதவு மூடியபோது வரிசையில் நின்றவர்கள் வாக்களிக்க முடியாமல் திரும்பினார்கள். நாடெங்கும் குறைந்தது 1,200 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. பத்து மணிக்கு வரிசையில் இருந்தவர் வாக்களிக்கலாம் என்று 2013இல் சட்டம் திருத்தப்பட்டது.

அடுத்த தடை அட்டை வடிவில் வந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது. அறுபது வயதைத் தாண்டியவரின் ஆய்ஸ்டர் பயண அட்டை செல்லும்; மாணவரின் ஆய்ஸ்டர் அட்டை செல்லாது. இரண்டிலும் படம் இருக்கிறது, இரண்டையும் கொடுப்பது ஒரே போக்குவரத்துக் கழகம். இலவச வாக்காளர் சான்றிதழ் கிடைக்கிறது என்று அரசு சொன்னது உண்மைதான், ஆனால் அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

லண்டனில் இந்த விதி முதலில் நடைமுறைக்கு வந்த தேர்தல்களில் ஒன்று, போரிஸ் ஜான்சன் விலகியதால் 2023 ஜூலை 20 அன்று அக்ஸ்பிரிட்ஜில் நடந்த இடைத்தேர்தல். புரூனெல் பல்கலைக்கழகம் இருக்கும் தொகுதி அது. 2019இல் ஜான்சனை எதிர்த்து நின்ற அலி மிலானி அங்கே மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர். இடைத்தேர்தலோ கோடை விடுமுறையில் வந்தது. பழமைவாதக் கட்சி 495 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. மாணவர்கள் ஊரில் இருந்திருந்தால் என்று கணக்குப் போடுவது வீண். அன்று எல்லோர் வாயிலும் இருந்தது கார்களுக்கான மாசுக் கட்டணம். ஆனாலும் தேர்தல் தேதியும் ஒரு தடைதான் என்பது அங்கே தெரிந்தது. வங்கி அட்டையையும் அடையாளமாக ஏற்போம், வாக்குரிமை வயதைப் பதினாறாகக் குறைப்போம் என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்தது.

தமிழ் மாணவர்கள் பலர் தங்களுக்கு இதில் வேலையில்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இந்திய, இலங்கை, மலேசிய மாணவர்கள் மாணவர் விசாவிலேயே பெயரைப் பதிந்து நாடாளுமன்றத் தேர்தல்வரை வாக்களிக்கலாம். அடையாளத்துக்கு அவர்கள் கடவுச்சீட்டே போதும். கேம்டனில் அறை எடுத்திருக்கும் சென்னை மாணவி கேம்டன் சாவடிக்கு நடந்தே போய்விடலாம். மயிலாப்பூரில் வாக்களிக்க வேண்டுமானால், இந்தியச் சட்டப்படி அவர் விமானம் ஏறி நேரில் வந்துதான் ஆக வேண்டும்.