மச்சான் பிடிச்ச கயிறும் ஹால்ல இருக்கிற கடலும்

தூத்துக்குடியில முத்துக்குளிக்கிறவர் காலில் கல்லோட கடலுக்குள்ள இறங்குவார். படகில் அவர் கயிறைப் பிடிக்கிறது மச்சான்தான்னு சொல்வாங்க. அக்காவோ தங்கச்சியோ, அவ தாலி இவன் கையில இருக்கே!

அந்தக் கரையின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சது. அப்புறம் முத்து தொட்டிக்கு வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில், கே. அழகர்சாமியின் முயற்சியில் 1973-ல் வளர்ப்பு முத்து கிடைச்சது. 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உருவாக்கினாங்க. கடல் நீர் கூரைக்குள்ள வந்தாச்சு. கூடவே பம்பு, காற்றுக்குழாய், கரண்ட்.

இன்னைக்கு அதே ஏற்பாடு சின்னதா உங்க ஹால்ல, க்ளவுன் மீனோட நிக்குது.

குழாய்த் தண்ணியைவிட கடல் நீர் ஏறக்குறைய நூறு மடங்கு நல்லா மின்சாரம் கடத்தும். ஹீட்டர் கண்ணாடி விரிஞ்சா மொத்தத் தொட்டியும் லைவ். ஆனா மீன் ஜாலியா நீந்தும், கரண்ட் அது வழியா வெளியேற பாதை இல்லை. "மீன் நல்லாத்தானே இருக்கு"ன்னு ஈரத் தரையில நின்னு கை விடுறோம் பாருங்க, நாமதான் அந்தப் பாதை.

எம்சிபி இருக்கேன்னு நினைக்காதீங்க. அது வயரைக் காப்பாத்துறது. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் கணக்கு அதுக்கு. இதயத்தைக் குழப்ப 0.1 ஆம்பியர்கூட வேண்டாம்.

எவ்வளவு கரண்ட் வரை மனுஷக் கையால விட முடியும்னு வருஷக்கணக்கா அளந்தவர் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல். கசிவைக் கண்டதும் துண்டிக்கிற கருவியை அவர் உருவாக்கினதும் அதே 1961-லதான். நம்ம ஊர்ல அந்த வேலையைச் செய்யறது ஆர்சிசிபி. போன கரண்டும் திரும்பின கரண்டும் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைஞ்சா, டப்புனு கட். கிட்டத்தட்ட மச்சான் வேலை!

எர்த்தும் வேணும். பழைய முறையில எர்த் குழியில கரியும் உப்பும் அடுக்கடுக்காப் போடுவாங்க, மண் நல்லா கடத்தட்டும்னு. தொட்டியில ஆபத்தான அதே உப்புதான் குழியில காவல். தொட்டித் தண்ணியையும் டைட்டானியம் கம்பி போட்டு எர்த் பண்ணலாம். கசிவு வந்த நொடியே ஆர்சிசிபி விழுந்துடும். ஆர்சிசிபி இல்லாம கம்பி மட்டும் போடாதீங்க. ஒரு கை தண்ணியில, இன்னொரு கை பழுதான விளக்குலன்னா, அந்தக் கம்பியே எமன்.

வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறணும், சொட்டு அங்கேயே விழும். ப்ளக்பாயிண்ட்ல வெள்ளையா உப்பு பூத்தா, மெயினை ஆஃப் பண்ணிட்டுத் துடைங்க. மாசம் ஒருதடவை ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழலையா? எலக்ட்ரீஷியன் வர்ற வரை தொட்டிக்குள்ள கை வேண்டாம்.