மடை திறந்தவரின் பங்கு

ஆவுடையார்கோவில் என்றதும் பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகரும், கல்லில் இழைத்த கொடுங்கையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த நினைவு நாளில் நாம் பேச எடுத்துக்கொண்டது கண்மாய்.

இன்று இது கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934-க்கு முன் அந்தத் தண்ணீரும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் தை மாதத்தில் நெல். இரவெல்லாம் கரையைக் காத்தவர், நீருக்குள் மூழ்கிக் குமிழி மடையின் அடைப்பைத் திறந்தவர், வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சியவர் நீர்பாய்ச்சி. பெரும்பாலும் அவர் நம் சேரிக்காரர். அறுவடையானதும் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளந்தார்கள். அதைக் கூலி என்பது தவறு. விளைச்சலில் ஒரு பங்கு அது. வாய்மொழி உடன்படிக்கை. அளவு குறைந்தால் காட்டுவதற்கு நம்மிடம் ஏடு இல்லை. ஊர் வயலுக்கெல்லாம் நீர் விட்டவர் ஊருணியில் குடத்தை இறக்கக் கூடாது என்ற விதியும் எங்கும் எழுதப்படவில்லை. அதைமட்டும் யாரும் மறக்கவில்லை.

கனடாவின் தொல்குடிகளோடு பிரிட்டிஷ் முடியாட்சி 1871 முதல் 1921 வரை 11 ஒப்பந்தங்கள் செய்தது. நிலத்தை வாங்கிக்கொண்டு, பருவந்தோறும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமை உண்டு என்று பெரும்பாலானவற்றில் எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 5 டாலர் இன்றும் தருகிறார்கள். மீறல்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் நீட்ட ஒரு தாள் இருக்கிறது.

அதே முடியாட்சி நமக்கும் ஒரு தாள் தந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892 செப்டம்பர் 30-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். நம்மைக் கேட்டு எழுதியதல்ல, நம் கைநாட்டும் அதில் இல்லை. ஆனால் நிபந்தனை நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்டது. 1994-இல் காரணையில் நம் மக்கள் நிலத்தைக் கேட்டது இந்த உரிமையில்தான். அக்டோபர் 10-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் இழந்தோம்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் வரை தனி அரசு. சென்னை மாகாணத்தின் ஆணை அங்கே செல்லாது. ஆவுடையார்கோவிலோ மாகாணத்துக்கு உட்பட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது 1974 ஜனவரி 14-இல்தான். ஆகவே பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்பைத் தேடிப் போகும் நம் இளைஞர்கள், புதுக்கோட்டையில் இல்லை என்றதும் திரும்பிவிட வேண்டாம். தஞ்சாவூருக்கும் பேருந்து ஏறுங்கள்.