பிணைக்கைதிகளின் மாநகரம்

மாநகரங்களின் கதை - 9

1590-ஆம் ஆண்டுக் கோடை. ஜப்பானில் ஒடவாரா கோட்டையை முற்றுகையிட்டுப் பணியவைத்த டொயோடோமி ஹிதேயோஷி, தன் கூட்டாளி தோகுகாவா இயெயாசுவுக்கு ஒரு பரிசை அறிவித்தார். கிழக்கே விரிந்து கிடக்கும் கான்டோ சமவெளியை இயெயாசு எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, தலைமுறைகளாக ஆண்டுவந்த சொந்த மண்ணை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

பரிசு என்று பெயர்தான். வலுத்துக்கொண்டே போகும் கூட்டாளியைத் தலைநகர் கியோத்தோவிலிருந்து எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு அது. இயெயாசு மறுபேச்சுப் பேசவில்லை. ஆகஸ்டில் எடோ என்ற இடத்துக்கு வந்து இறங்கினார். ஓட்டா டோகன் என்பவர் 1457-இல் கட்டி, பிற்பாடு கவனிப்பாரற்றுப் போன ஒரு கோட்டை அங்கே இருந்தது. சுற்றிலும் நாணல் மண்டிய சதுப்பு. கோட்டைக்கு மிக அருகில்வரை கடல் உள்ளே புகுந்திருந்தது. நல்ல தண்ணீருக்குத் திண்டாட்டம்.

அந்தச் சதுப்பைத்தான் இன்று டோக்கியோ என்கிறோம். பல பத்தாண்டுகள் உலகின் மிகப் பெரிய நகரம் என்ற பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த ஊர். 2025-இல் ஐ.நா. கணக்கிடும் முறையை மாற்றி வெளியிட்ட பட்டியலில்தான் சறுக்கியது. ஜகார்த்தா சுமார் 4.2 கோடிப் பேரோடு முதலிடம், டாக்கா இரண்டாமிடம், சுமார் 3.3 கோடியோடு டோக்கியோ மூன்றாமிடம். ஆனால் இந்த ஊர் முதல்முறை பத்து லட்சத்தைத் தொட்டது ரயிலும் ஆலைகளும் வந்த பிறகு அல்ல. 18-ஆம் நூற்றாண்டிலேயே தொட்டுவிட்டது. 1801-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில்கூட லண்டன் பத்து லட்சத்தை எட்டியிருக்கவில்லை.

நீராவி இயந்திரம் கிடையாது. வெளிநாட்டு வணிகமோ தெற்கே நாகசாகியில் முடங்கிக் கிடந்தது. பிறகு எப்படி?

ஒரே ஓர் உத்தரவு.

ஹிதேயோஷிக்குப் பிறகு, 1600-இல் செகிகஹாரா போரில் எதிரிகளை நொறுக்கி, 1603-இல் ஷோகுன், அதாவது நாட்டின் ராணுவ ஆட்சியாளர், ஆனார் இயெயாசு. பேரரசர் கியோத்தோவிலேயே இருக்கட்டும், அதிகாரம் எடோவில் இருக்கும் என்றாயிற்று. தோற்றவர், வென்றவர் என்ற பேதமில்லாமல் எல்லாப் பிரபுக்களும் ஆளும் பொருளும் அனுப்பிக் கோட்டை கட்டித்தர வேண்டும். கன்டா குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொட்டி ஹிபியா கடற்கழியைத் தூர்த்தார்கள். பிரபுக்களின் கஜானாவும் கூடவே வற்றியது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் நகரத்தை ஊதிப் பெருக்கியவர் இயெயாசுவின் பேரன், மூன்றாவது ஷோகுன் இயெமிட்சு. 1635-இல் அவர் போட்ட சட்டத்தின்படி, டைம்யோ எனப்படும் ஒவ்வொரு பிரபுவும் பொதுவாக ஓராண்டு தன் சீமையிலும் மறு ஆண்டு எடோவிலும் இருந்தாக வேண்டும். சீமைக்குத் திரும்பும்போது மனைவியும் வாரிசும் எடோவிலேயே தங்கிவிட வேண்டும். நாகரிகமாகச் சொன்னால் முறைவாசம். உள்ளபடி சொன்னால் பிணைக்கைதிகள்.

தப்பவும் முடியாது. கியோத்தோ சாலையில் ஹகோனே மலைக்கணவாயில் ஒரு சோதனைச் சாவடி. இப்படிப்பட்ட சாவடிகளில் காவலர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது இரண்டே விஷயங்களை: எடோவுக்குள் போகும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியேறும் பெண். துப்பாக்கி உள்ளே போனால் கலகம் வரலாம். பிரபுவின் மனைவி வெளியே போனாலும் கலகம் வரலாம். பெண் பயணிகளைச் சோதிக்கப் பெண்களையே அமர்த்தியிருந்தார்கள். கூந்தலை அவிழ்த்துக்கூடப் பார்ப்பார்கள்.

பிரபுக்கள் சுமார் 260 பேர். தனியாகவா வருவார்கள்? காகா சீமையின் மாயேதா குடும்பம் ஊர்வலம் கிளம்பினால் இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. ஒவ்வொரு பிரபுவுக்கும் எடோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள், அவற்றில் ஆண்டு முழுவதும் சாமுராய்கள், எழுத்தர்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள். நாடெங்கும் விளைந்த நெல்லின் வருமானம் இந்த ஒரே ஊரில் செலவானது. பணம் இறைபடும் இடத்துக்குத் தச்சர்களும் கொத்தர்களும் பாய் முடைபவர்களும் மீன்காரர்களும் தேடி வராமல் இருப்பார்களா? 1721-இல் எட்டாவது ஷோகுன் யோஷிமுனே எண்ணச் சொன்னபோது, சாமானியர் மட்டுமே ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். சாமுராய்க் குடும்பங்களை யாரும் எண்ணவில்லை. அது ராணுவ ரகசியம். அவர்களும் ஏறக்குறைய அதே அளவு இருந்திருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. எண்ணப்பட்டவர்களில் ஆண்கள் 3.2 லட்சம், பெண்கள் 1.8 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பிழைக்க வந்த ஒண்டிக்கட்டைகளின் ஊர் அது. தெருவோரக் கடைகளில் சுஷியும் டெம்புராவும் பிற்பாடு சக்கைப்போடு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இட ஒதுக்கீட்டைப் பாருங்கள். நகர நிலத்தில் பத்தில் ஏழு பங்கு போல சாமுராய் வர்க்கத்துக்கு. மீதியில் ஏறக்குறைய பாதி கோயில்களுக்கு. மக்களில் பாதிப் பேரான சாமானியருக்கு மிஞ்சியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாகாயா எனப்படும் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் சுமார் 9 அடிக்கு 12 அடி. அடுப்பும் அதற்குள்ளேயே. சுவர் மரம், கதவு காகிதம், தரை வைக்கோல் பாய்.

தண்ணீர்ப் பஞ்சத்தை மட்டும் அபாரமாகத் தீர்த்தார்கள். 1653-இல் தொடங்கி ஹமுராவிலிருந்து யோட்சுயா வரை 43 கிலோமீட்டருக்குத் தமகவா கால்வாய் வெட்டப்பட்டது. மொத்தச் சரிவே 92 மீட்டர்தான், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் போல. நகருக்குள் வந்ததும் தெருவுக்கடியில் பதித்த மரக்குழாய்களில் தண்ணீர் ஓடியது. வேலையை எடுத்துச் செய்த இரு சகோதரர்களுக்குத் தமகவா என்ற குடும்பப் பெயரையே கொடுத்தார்கள்.

தீக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. 1643-இல் ஒரு தீயணைப்புப் படை அமைத்தார்கள்தான். பிரபுக்கள் தந்த ஆட்கள் அவர்கள். கோட்டையையும் மாளிகைகளையும் காப்பதே அவர்களின் முதல் கடமை. சாமானியர் தெருக்களுக்கென்று முறையான படை வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

1657, மார்ச் 2. ஏறக்குறைய 80 நாட்களாக மழை இல்லை. காலையிலிருந்தே வடமேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பிற்பகலில் ஹொங்கோ பகுதியில் ஹொன்மியோஜி கோயிலில் தீ கிளம்பியது. சாபம் பிடித்த ஒரு கிமோனோவைக் கோயிலில் எரித்தார்களாம், அது காற்றில் பறந்து கூரையில் விழுந்ததாம். பின்னால் வந்த இந்தக் கதை ஜப்பானில் வெகு பிரபலம். எனக்கு நம்பிக்கையில்லை. காய்ந்த ஊருக்கும் அந்தக் காற்றுக்கும் சாபம் எதற்கு?

தீ தெற்கே பாய்ந்தது. மக்கள் சக்கரம் வைத்த பெரிய மரப்பெட்டிகளில் சாமான்களை ஏற்றி இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அந்தப் பெட்டிகளே தெருக்களை அடைத்தன.

இருட்டத் தொடங்கியபோது கோதென்மாச்சோ சிறையை வெப்பம் எட்டியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள். சிறைத் தலைவர் இஷிதே தாதேவாக்கி. மேலிடத்து அனுமதி இல்லாமல் கைதிகளை வெளியே விட்டால் அவர் தலை தப்பாது. விடாவிட்டால் அத்தனை பேரும் உயிரோடு எரிவார்கள். அவர் கதவுகளைத் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனைதான். தீ அடங்கியதும் குறிப்பிட்ட கோயிலுக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால், தன் உயிரைக் கொடுத்தாவது மன்னிப்பு வாங்கித் தருவதாக வாக்களித்தார். வராமல் போனால், எங்கே ஒளிந்தாலும் தேடிப் பிடித்து, குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிப்பேன் என்றார். கைதிகள் கும்பிட்டுவிட்டு இருளில் ஓடினார்கள்.

அவர்களைவிட வேகமாக ஒரு வதந்தி ஓடியது: கைதிகள் சிறையை உடைத்துவிட்டார்கள்!

அசகுசா வாயில் காவலர்களின் காதிலும் அது விழுந்தது. நகரிலிருந்து வடகிழக்கே வெளியேறும் வழி அதுதான். பெட்டிகளும் வண்டிகளும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானோர் அந்த வாயிலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் தீ. பக்கத்தில் சுமிதா ஆறு. எதிரிப் படை சுலபமாகக் கடந்துவிடக் கூடாது என்று அந்த ஆற்றில் வெகுதூரம் மேலே சென்ஜுவில் மட்டுமே பாலம் கட்ட அனுமதித்திருந்தார்கள் ஷோகுன்கள்.

காவலர்கள் கதவை இழுத்துச் சாத்தித் தாழிட்டார்கள்.

அன்றிரவு அந்த வாயிலில் நடந்தது என்ன? தாதேவாக்கியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஓடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? தீ மறுநாளும் ஓயவில்லை. அதன் அடுத்த இலக்கு ஷோகுனின் கோட்டை. அங்கே அப்போது பதின்ம வயதைத் தாண்டாத ஒரு ஷோகுன் இருந்தார். அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)