தையல் போட்ட படகு



தறிச் சத்தத்துக்கு நடுவே சேவூரில் உட்கார்ந்துகொண்டு சார் கடல் ஓவியம் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். காரணம் துணிதான்.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரைக்கு வந்ததே துணிக்காக. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கே வாங்கிய பருத்தித் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். (ஆரணிப் பட்டு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அது பருத்தி!) அப்படிக் கடல் வியாபாரத்தில் செழித்த ஹாலந்தில்தான் கடலை வரைவது தனிக் கலையாக வளர்ந்தது.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் வானம்தான். மேக நிழலில் கடல் கறுத்துக் கிடக்கும். மேக இடுக்கில் விழும் வெயில் ஒரே ஒரு பாய்மீது படும். பல படங்களில் அது கம்பெனிக் கப்பலின் பாய் அல்ல, மீன்பிடி படகின் பாய். லுடால்ஃப் பக்கைசன் (1630–1708) என்ற ஓவியர் புயல் நேரத்தில் சிறு படகில் போய் அலையைப் பார்த்துவிட்டு, மறப்பதற்குள் ஓடி வந்து வரைவாராம். மூத்த வில்லெம் வான் டி வெல்டெ, கடற்போர் நடக்கும்போதே சிறு கப்பலில் இருந்து படம் எழுதியவர்.

நம் கரைக்கு அப்படி ஒரு படம் உண்டா? உண்டு. வரைந்தவர் ஆங்கிலேயரான தாமஸ் டேனியல். 1797இல் அச்சான அந்தப் படத்தில் சென்னைக் கோட்டை தூரத்தில் நிற்கிறது, முன்னால் அலையும் படகுகளும்.

அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே தள்ளி நிற்கும். ஆளானாலும் துணி மூட்டையானாலும் மசூலா படகில்தான் அலையைத் தாண்ட வேண்டும். அதில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு மணலில் மோதினால் உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாராவது கடலில் விழுந்தால் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரங்களும் வரும்.

என் வருத்தம் ஒன்றே ஒன்று. கடல் தாண்டிப் போன அத்தனை மூட்டைக்கும் கம்பெனிக் கணக்கு உண்டு. படத்தின் தலைப்பிலும் கோட்டையின் பெயர் உண்டு. துடுப்பு போட்டவர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. 1876இல் துறைமுக வேலை தொடங்கியது, மெல்ல மெல்ல அவர்கள் பிழைப்பும் போயிற்று.

டேனியல் படம் இணையத்தில் கிடைக்கிறது. கோட்டையை விட்டுவிட்டு, கீழே அலைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.