வேலூர் – ஆம்பூர் தோல்வட்டாரமும் தேசியக் குதிரையேற்ற விளையாட்டின் அமைப்பாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குதிரையேற்றம் இந்தியாவில் படைத்துறையின் நிழலில் வளர்ந்த விளையாட்டாகும். அதனைத் தேசிய அளவில் திட்டமிடுவதற்குக் குதிரை, களம், நோய்த்தடுப்பு, சேணப்பொருள், நிர்வாகம் ஆகிய ஐந்தும் ஒருங்கிணைய வேண்டியுள்ளது. ஆர்க்காட்டுக் குதிரைப்படையின் இருப்பிடமாகவும் பின்னர்த் தோல் பதனிடும் தொழிலின் மையமாகவும் விளங்கிய வேலூர் – ஆம்பூர் வட்டாரம், இவ்விளையாட்டின் தேசிய வரைபடத்தில் இடம்பெறாமற் போனதற்கான வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: குதிரையேற்றம், ஆர்க்காட்டுக் குதிரைப்படை, ஆவாரம்பட்டைப் பதனீடு, சேணம், இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, விளையாட்டு நிர்வாகம்

முன்னுரை

வேலூர்க் கோட்டையினுள் அமைந்த சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில், முன்னங்கால் தூக்கிப் பாயும் விலங்குகளும் அவற்றின்மேல் அமர்ந்த வீரர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். கடிவாளமும் சேணமும் கல்லில் வடிக்கப்பட்ட அதே நிலப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தோல் பதனிடுதல் பெருந்தொழிலாக வேரூன்றியது. குதிரைக்கும் தோலுக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. எனினும், இன்று இந்தியக் குதிரையேற்ற விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் தில்லி, செய்ப்பூர், மீரட், பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களையே குறிப்பிடுவர். சேணம் என்றால் கான்பூரைச் சுட்டுவர். ஆம்பூரையோ இராணிப்பேட்டையையோ எவரும் நினைப்பதில்லை. இவ்விலகல் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. இம்மூன்று மாவட்டங்களின் பாலாற்றங்கரைப் பகுதியே இங்குத் தோல்வட்டாரம் எனக் குறிக்கப்பெறுகிறது.

கடல்வழி வந்த குதிரைகள்

தமிழகம் குதிரை வளர்க்கும் நிலமாக இருந்ததைவிடக் குதிரை வாங்கும் நிலமாகவே இருந்துவந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாட்டினர் ஆண்டுதோறும் அரபு நாட்டுக் குதிரைகளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியதை மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். விசயநகர ஆட்சியில் போர்த்துக்கீசியர் இவ்வணிகத்தைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் காலத்திலும் நிலை மாறவில்லை. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து வந்தமையால் 'வேலர்' எனப் பெயர்பெற்ற குதிரைகள் சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க சமவெளியைவிட உயர்நிலம் குதிரைக்கு ஏற்றதாதலால், ஓசூருக்கு அருகேயுள்ள மத்திகிரியில் படைக்குதிரைகளுக்கான பண்ணை அமைந்தது. அவ்விடம் இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இயங்கிவருகிறது.

குதிரை வெளியிலிருந்து வருவது என்னும் இந்நிலைக்கு நீண்டகால விளைவு ஒன்று உண்டு. குதிரை வைத்திருத்தல் அரசுக்கோ பெருஞ்செல்வருக்கோ மட்டுமே இயலும் செயலாயிற்று. மாட்டையும் ஆட்டையும் போன்று குடியானவர் வீட்டில் குதிரை இடம்பெறவில்லை. பிற்காலத்தில் விளையாட்டு உருவானபோது, அதற்கு ஊர்ப்புற அடித்தளம் அமையாமற் போனதற்கு இது முதற் காரணமாகும்.

ஆர்க்காடு: குதிரைப்படையின் இருப்பிடம்

ஆர்க்காட்டு நவாபின் பணியில் 1776இல் எழுப்பப்பட்ட குதிரைப்படைப் பிரிவொன்று பின்னர்ச் சென்னைப் படையில் சேர்ந்தது. இன்று இந்தியத் தரைப்படையின் கவசப் படைப்பிரிவாக விளங்கும் பதினாறாம் இலகு குதிரைப்படையின் தோற்றம் அதுவே. கம்பெனி ஆட்சியில் ஆர்க்காடு குதிரைப்படையின் முதன்மைப் பாசறைகளுள் ஒன்றாக இருந்தது.

1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சி, இவ்வட்டாரத்தில் குதிரையும் தோலும் ஒரே நிகழ்வில் எதிரெதிராக நின்ற தருணம் எனலாம். புதிய தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் பொருத்தப்பட்டிருந்தமை சிப்பாய்களின் சினத்துக்குக் காரணங்களுள் ஒன்று. ஆர்க்காட்டிலிருந்து ரோலோ கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்த குதிரைப்படை அன்றே புரட்சியை ஒடுக்கியது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவைக் குதிரைகள் காலைப்பொழுதிலேயே கடந்தமையால்தான் கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்கு வந்தது. குதிரை ஆட்சியின் கருவியாக இருந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது. அக்கருவி வேறிடம் பெயர்ந்தபின், அதைச் சார்ந்த லாயங்களும் லாடம் அடிப்போரும் சேணம் தைப்போரும் இவ்வட்டாரத்தில் பொதுமக்கள் சார்ந்த வேறொரு பயன்பாட்டைப் பெறவில்லை.

பதனிட்ட தோல் சேணமாகாத வரலாறு

ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டுக் கடுக்காயால் நிறைவு செய்யும் முறை சென்னை மாகாணத்தின் தனிச்சிறப்பு. இவ்வாறு அரைப்பதனிட்ட மாட்டுத்தோல் 'கிழக்கிந்தியக் கிப்' என்னும் பெயரில் இலண்டன் சந்தையில் விற்பனையாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தொழிற்கூடங்கள் பெருகின. உரிமையாளர்களுள் முசுலிம் வணிகர் முதன்மை பெற்றிருந்தனர். சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்.

சேணத்திற்கு வேண்டிய தோல் தடித்ததாகவும், தாவரப் பட்டையால் பதனிடப்பட்டதாகவும், கொழுப்பேற்றி வலுவூட்டப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தாவரப் பதனீட்டில் தேர்ந்த இவ்வட்டாரம் ஏன் சேணத் தொழிலின் மையமாகவில்லை? இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, மூலப்பொருளின் இயல்பு. இங்குப் பெரிதும் கையாளப்பட்டவை மெல்லிய மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். அவை காலணியின் மேற்பகுதிக்கு உகந்தவை. சேணத்திற்குரிய தடித்த எருமைத்தோல் வட இந்தியாவில் மிகுதி. இரண்டாவது, அரசின் முடிவு. 1857க்குப் பின் படைத்துறைக்குரிய சேணங்களை உள்நாட்டிலேயே செய்யும் நோக்கில் 1860களில் கான்பூரில் அரசுச் சேணத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வட இந்தியப் படைமுகாம்களுக்கு அருகமைந்த கான்பூரில் தோல், தொழிலாளர், கொள்முதல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. இன்றும் இந்தியச் சேண ஏற்றுமதியில் கான்பூரே முன்னிற்கிறது.

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் தொடங்கிய குரோம் பதனீட்டு முயற்சி இப்போக்கை மேலும் உறுதிப்படுத்தியது. கவலை இறைக்கும் தோற்சால்களுக்கும் காலணிகளுக்கும் குரோம் தோல் பயன்பட்டது. மரபான சேணத்திற்கோ தாவரப் பதனீட்டுத் தோலே வேண்டும். முதல் உலகப்போரின்போது பிரிட்டிசுப் போர்த்துறை சென்னைக் கிப் தோலைப் பெருமளவில் கொள்முதல் செய்தபோதும், அது படைவீரரின் காலணிக்கே சென்றது. விடுதலைக்குப் பின், சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரையைத் தொடர்ந்து 1973 முதல் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. இவ்வட்டாரம் முழுப்பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் ஆம்பூரைக் காலணியை நோக்கியே செலுத்தியது.

படைத்துறை வடிவமைத்த விளையாட்டு

பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1921இல் தோன்றியது. இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1967இல் நிறுவப்பட்டது. அப்போது நாட்டில் பயிற்சி பெற்ற குதிரையும் வீரரும் களமும் பெரும்பான்மை படைத்துறையிடமே இருந்தன. சுதேச அரசுகளின் குதிரைப்படைகளை ஒன்றிணைத்து 1953இல் உருவாக்கப்பட்ட அறுபத்தொன்றாம் குதிரைப்படை, குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படை, மீரட்டிலுள்ள குதிரை மற்றும் கால்நடை மருத்துவப் படையின் மையம், பெங்களூரு வழங்கல் படை மையம் ஆகியவையே விளையாட்டின் தூண்களாயின.

இவ்வமைப்பின் ஆற்றலை 1982 தில்லி ஆசிய விளையாட்டு வெளிப்படுத்தியது. ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. நடைநயம், காட்டுவழி ஓட்டம், தடைதாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரையுடன் முடிக்க வேண்டிய ஈவென்டிங் போட்டியில் இரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகமது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்றனர். அணிப் பிரிவிலும் இந்தியா தங்கம் பெற்றது. கூடார முளை பெயர்த்தலில் ரூபிந்தர் சிங் பிரார் தங்கம் வென்றார்.

அதே அமைப்பின் எல்லையும் பின்னர்த் தெரியவந்தது. அடுத்த தனிநபர்ப் பதக்கத்திற்கு 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 சகார்த்தா போட்டியில் பெங்களூருவைச் சேர்ந்த பவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றார். அணிக்கும் வெள்ளி கிடைத்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இம்தியாசு அனீசு பங்கேற்றபின், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் மிர்சா வழியாக இந்தியா மீண்டும் குதிரையேற்றக் களத்திற்கு வந்தது. 2023இல் காங்சோ ஆசிய விளையாட்டில் அனுசு அகர்வாலா, இருதய் விபுல் செடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி அசேலா ஆகிய நால்வர் டிரெசாசு அணிப் போட்டியில் தங்கம் வென்றனர். இது 41 ஆண்டுகளுக்குப் பின் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம். இந்நால்வரும் ஐரோப்பாவில் பயின்று, ஐரோப்பாவில் வைத்திருந்த குதிரைகளுடன் போட்டியிட்ட குடிமை வீரர்கள். விளையாட்டின் மையம் படைத்துறை லாயத்திலிருந்து தனியார் செலவை நோக்கி நகர்ந்ததை இவ்வெற்றி உணர்த்துகிறது.

எல்லை கடக்கும் குதிரை

இந்நகர்வுக்குச் செல்வம் மட்டும் காரணமன்று. குதிரையேற்றத்தில் வீரருடன் குதிரையும் நாட்டெல்லையைக் கடக்க வேண்டும். குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. நோயின்மைச் சான்று கட்டாயம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள், ஆத்திரேலியாவின் தனிமைப்படுத்தல் விதிகளால் சுடாக்கோமில் நடத்தப்பட்டமை இதன் கடுமையைக் காட்டும். கிளாண்டர்சு, சர்ரா முதலிய நோய்கள் குறித்த ஐயத்தால் இந்தியாவில் வளர்ந்த குதிரைகள் அயல்நாட்டுக் களங்களுக்குச் செல்வது நெடுங்காலம் அரிதாக இருந்தது. 2025 சூலையில் மீரட் மையத்தின் குதிரை நோயற்ற வளாகத்தை உலக விலங்குநல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இத்திருப்பமும் படைத்துறை மையமொன்றிலேயே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

வாக்குரிமை யாருக்கு?

படைத்துறையும் தனி மன்றங்களும் கட்டிய அமைப்பில் மாநிலச் சங்கங்களின் இடம் எது என்பதே அண்மைக்கால நிர்வாகச் சிக்கல். 2011ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பு, தேசியக் கூட்டமைப்புகள் மாநில அமைப்புகளை அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. குதிரையேற்றத்திலோ மன்றங்களும் நிறுவனங்களும் நேரடி உறுப்பினராக இருந்துவந்தன. இராசத்தான் குதிரையேற்றச் சங்கம் இவ்வினாவைத் தில்லி உயர்நீதிமன்றத்திற்கு எடுத்துச் சென்றது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. குதிரையும் களமும் இல்லாத, பெயரளவிலான மாநிலச் சங்கம் வாக்குரிமை மட்டும் பெறுவது விளையாட்டை வளர்க்காது. மறுபுறம், குதிரை உடையோருக்கு மட்டுமே வாக்கு எனின், குதிரை இல்லாத பகுதிகள் என்றும் இல்லாதனவாகவே நிலைக்கும். 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வகை செய்துள்ளது. தகராறுகள் விரைந்து தீர இது உதவலாம். மாநில அடித்தளத்தை உருவாக்குதல் சட்டத்தால் மட்டும் இயல்வதன்று.

தமிழகத்தில் குதிரையேற்றம் பெரிதும் சென்னை கிண்டிப் பந்தயத் திடலையும் காவல்துறைக் குதிரைப்பிரிவையும் ஒட்டியே இயங்கிவந்துள்ளது. பழைய ஆர்க்காட்டுப் பாசறை நிலம் அதன் எல்லைக்குள் வரவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று. குதிரை அரசின் உடைமையாக இருந்து, அரசு விலகியபோது ஊரைவிட்டு அகன்றது. தோல் ஊரில் தங்கியது. எனினும் அரசுக் கொள்முதலும் ஏற்றுமதிக் கொள்கையும் அதனைச் சேணத்திலிருந்து விலக்கிக் காலணியாக்கின. விளையாட்டோ, குதிரை எங்கிருந்ததோ அங்கேயே அமைப்பாக்கம் பெற்றது.

இவ்வட்டாரத்தை இழந்த பெருமையின் இடமாக மட்டும் காண்பது பிழையாகும். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியவாறு, தோற்கழிவு ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலத்தைப் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்படுத்தியது. அத்தொழிலின் பயன் எங்கோ சென்றது. அதன் சுமை பாலாற்றங்கரையில் தங்கியது. தேசியக் குதிரையேற்றத் திட்டத்தில் பதக்கக் கணக்குடன், பயன் எங்குச் சேர்கிறது, செலவை யார் ஏற்கின்றனர் என்னும் கணக்கும் இடம்பெறுதல் வேண்டும். ஆவாரம்பட்டைப் பதனீட்டின் பட்டறிவு இன்னும் இவ்வட்டாரத்தின் முதியோர் கைகளில் உள்ளது. மாநில அமைப்புகளுக்கு உண்மையான பொருள் தர முனையும் திட்டமிடல், குதிரையோடு சேணத்தையும் லாடத்தையும் லாயப் பணியையும் விளையாட்டின் உறுப்புகளாகக் கருதத் தொடங்கினால், இவ்வரலாற்றின் அறுபட்ட இழை மீண்டும் இணைய வழியுண்டு.