குழந்தையைத் தொட்ட பணம்: 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு சொல்லும் பெற்றோரின் வங்கிக் கணக்கும்

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு வந்தால், தாய் தகப்பன் இருவரின் வங்கிக் கணக்குகளும் முழுமையாக நீதிமன்றத்தின் முன் விரிக்கப்பட வேண்டும் என்ற கருத்து நம் சட்ட எழுத்துகளில் பெரிய எதிர்ப்பின்றி நிலைபெற்று வருகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் சுருக்கமானது: குழந்தையின் நலனே தலையாயது, அதன் முன் பெற்றோரின் அந்தரங்கம் நிற்காது. சட்ட ஆதாரமாகக் காட்டப்படுவது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17(2)ஆம் பிரிவு. காப்பாளராக முன்வருபவரின் குணத்தையும் திறனையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது அப்பிரிவு. திறன் என்றால் பொருளாதாரத் திறன். அதை அளக்கக் கணக்கு வேண்டும். ஆகவே கணக்கைக் கொண்டு வா. இந்த மூன்று படிகளில் முதல் படியே வழுக்குகிறது என்பது என் வாதம்.

கணக்குக் கட்டு எந்த வழியாக இந்த வழக்குகளுக்குள் நுழைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ரஜனேஷ் - நேஹா தீர்ப்பு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. தீர்ப்போடு இணைத்த படிவம் எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் மூன்றாண்டு ஸ்டேட்மெண்ட் கேட்கிறது. திருமணத்துக்கு முந்தைய ஓராண்டு, பிரிவுக்கு முந்தைய ஓராண்டு என வருமான வரிப் படிவங்களைக் கேட்கிறது. நகை, வண்டி, முதலீடு என்று பட்டியல் நீள்கிறது. வருமானத்தை மறைத்து வழக்கை இழுத்தடித்தவர்களிடம் சிக்கித் தவித்த பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு செய்த நன்மையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஜீவனாம்சம் என்பது ஒரு தொகை. தொகையை முடிவு செய்ய வருமானம் தெரிந்தாக வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்ற கேள்விக்கோ விடை தொகை அல்ல. ஆனால் ஒரே குடும்ப நல நீதிமன்றத்தில், அதே வழக்கறிஞர்கள் கையில், ஜீவனாம்ச மனுவும் ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் காப்பாளர் சட்ட மனுவும் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒன்றுக்காகக் கொடுத்த கட்டு மற்றதில் சான்றாவணமாகக் குறியிடப்பட ஒரு மனு போதும். அது கூடுமா கூடாதா என்பது பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. பேச வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் இதைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. நாளொன்றுக்கு நான்கு யுபிஐ பரிமாற்றம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றாண்டுக்கு 4,380 வரிகள். பிள்ளையோடு வீட்டை விட்டு வந்து தனியே இருக்கும் ஒருத்தியின் கணக்கில் ஒரு வாரத்தைக் கற்பனை செய்வோம். திங்களன்று பால் பூத்துக்கு 48 ரூபாய். அன்றே ஓர் ஆட்டோ ஓட்டுநரின் பெயருக்கு 60. செவ்வாயன்று மனநல மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு 800. புதனன்று தங்கைக்கு 3,000. குறிப்பில் ‘வாடகை பாக்கி’ என்றிருக்கிறது. வெள்ளியன்று ஏ.டி.எம்.மில் 2,000, அந்த ஏ.டி.எம். நிற்கும் தெருவின் பெயரோடு. ஐந்தே வரிகள். அவள் எந்தப் பகுதியில் இருக்கிறாள், யார் தயவில் இருக்கிறாள், எந்த மருத்துவரிடம் போகிறாள் என்ற மூன்றையும் எதிர்த்தரப்பு தெரிந்துகொண்டது. அடி தாங்காமல் வெளியேறியவளாக அவள் இருந்தால், அந்த ஏ.டி.எம். வரி ஒரு முகவரி. மருத்துவர் வரி, அடுத்த வாய்தாவில் ‘இவள் மனநிலை சரியில்லாதவள்’ என்ற குறுக்கு விசாரணை. தங்கையும் ஆட்டோ ஓட்டுநரும் வழக்கில் தரப்பினர்கூட அல்லர். தகப்பனின் கணக்கை விரித்தாலும் இதே போன்ற வரிகள் கிடைக்கும். இத்தனைக்கும் அந்த 4,380 வரிகளில் குழந்தையை யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு விடை சொல்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

இனி ‘திறன்’ என்ற அந்தச் சொல். ஆங்கில மூலத்தில் அது ‘கெப்பாசிட்டி’. 17(2) சொல்லும் பட்டியலை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்: மைனரின் வயது, பாலினம், மதம்; காப்பாளராக முன்வருபவரின் குணம், திறன்; உறவின் நெருக்கம்; இறந்துபோன பெற்றோர் ஏதேனும் விருப்பம் தெரிவித்திருந்தால் அது; மைனரோடோ மைனரின் சொத்தோடோ அவருக்கு இப்போதும் முன்பும் உள்ள தொடர்பு. பொருள் சார்ந்த விஷயம் வெளிப்படையாக வருவது கடைசி உருப்படியில் மட்டும். அங்கேயும் பேசப்படுவது காப்பாளரின் சொத்தன்று, குழந்தையின் சொத்து. காப்பாளரின் பணவசதியைக் கருத வேண்டும் என்று வரைவாளர் எண்ணியிருந்தால் அதற்கான சொற்களும் அவரிடம் இருந்தன, எழுதுவதற்கு இடமும் இருந்தது.

‘அதனால்தான் திறன் என்ற பொதுச்சொல்லைப் போட்டார்’ என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். சரி, எதைச் செய்யும் திறன்? இதற்குச் சட்டமே வேறோர் இடத்தில் விடை வைத்திருக்கிறது. இந்த விவாதத்தில் நான் படித்த எழுத்துகள் எதுவும் அந்த இடத்தைத் தொடாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. காப்பாளரை நீக்குவதற்கான காரணங்களை அடுக்குகிறது 39ஆம் பிரிவு. அதன் மூன்றாவது காரணம், தன் பொறுப்புக்குரிய கடமைகளை ஆற்ற இயலாமை. மூலத்தில் அங்கே நிற்பது ‘இன்கெப்பாசிட்டி’, நம் சொல்லின் நேர் எதிர்ச்சொல். அதே பட்டியலில் சற்றுத் தள்ளித் திவாலும் ஒரு காரணமாக வருகிறது. ஆனால் திவாலானால் நீக்கலாம் என்று சொல்லப்பட்டிருப்பது சொத்துக்குக் காப்பாளராக இருப்பவரை மட்டுமே. குழந்தையை வைத்து வளர்க்கும் காப்பாளர் திவாலானார் என்பதை மட்டுமே காரணமாக்கி அந்த உட்பிரிவின்கீழ் அவரை நீக்க முடியாது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கடமை ஆற்றும் திறனும் கையில் பணம் இருப்பதும் ஒன்றே என்று அந்தச் சட்டம் கருதியிருந்தால், திவாலைத் தனி உட்பிரிவாக எழுதியிருக்கத் தேவையில்லை. எழுதியதைச் சொத்துக் காப்பாளரோடு நிறுத்தியிருக்கவும் தேவையில்லை. இரண்டும் வேறு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். நியமிக்கும் பிரிவில் உள்ள சொல்லுக்கு நீக்கும் பிரிவைக் கொண்டு பொருள் காண்பது எப்போதும் செல்லும் என்று நான் சொல்லவில்லை. ஒரே சட்டத்துக்குள் ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதும் உண்டு. ஆனால் அப்படிப் பிரித்துப் படிக்க வேண்டுமென்றால், காரணம் காட்டும் பொறுப்பு பிரிப்பவருடையது. இதுவரை யாரும் காட்டவில்லை.

என் வாசிப்புக்கு உண்மையில் இடைஞ்சல் தரக்கூடியது 24ஆம் பிரிவு. குழந்தையின் பராமரிப்பு, உடல்நலம், கல்வி மூன்றையும் காப்பாளர் கவனிக்க வேண்டும் என்கிறது அது. பராமரிக்கப் பணம் வேண்டாமா? வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2019இல் குழந்தை நலனுக்கான அளவுகோல்களை அடுக்கியபோது போதுமான பொருள்வசதியை அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ‘போதுமான’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். போதுமா போதாதா என்பது ஒரு வாசற்படி, தாண்டினால் தாண்டியதுதான். யாரிடம் கூடுதல் என்று ஒப்பிட்டுத் தராசில் நிறுத்தும் வேலை அங்கே இல்லை. வாசற்படியைத் தாண்டியதைக் காட்டச் சம்பளச் சான்றிதழ் ஒன்றோ, தொழில் செய்பவராக இருந்தால் அண்மைய வருமான வரிப் படிவமோ போதும். தாண்டாதவருக்கும் வழி அடைபடவில்லை: இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்கீழ், குழந்தையின் பராமரிப்புக்கும் படிப்புக்கும் மற்றவர் பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். அமெரிக்காவில் கூடுதல் வசதியோடு இருந்த தகப்பனுக்கு எதிராக, இந்தியாவில் இருந்த தாயிடமே மகனை விட்ட 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்தப் பாதையில்தான் நடந்தது. ஏழ்மை குழந்தையைப் பறிக்கக் காரணம் ஆகாது என்றால், ஏழ்மையை வரி வரியாக நிரூபிக்கச் சொல்வதற்கும் காரணம் கிடையாது.

காப்பாளர் சட்டம் வந்த மறு ஆண்டே, 1891இல், வங்கி ஏடுகள் சாட்சியச் சட்டம் வந்தது. வங்கி தரப்பாக இல்லாத வழக்கில், சிறப்புக் காரணம் காட்டி நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி, ஏட்டைக் கொண்டுவரும்படி வங்கி அலுவலரை வற்புறுத்த முடியாது என்கிறது அதன் 5ஆம் பிரிவு. 6ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. வழக்குக்குத் தொடர்புள்ள பதிவுகளின் நகலையும், தொடர்புள்ள வேறு பதிவு ஏட்டில் இல்லை என்ற சான்றையும் தரும்படி நீதிமன்றம் வங்கிக்கு ஆணையிடலாம். அந்தச் சட்டம் ஏட்டை முழுதாக அள்ளவில்லை. தொடர்புள்ள பதிவைத் தேடுகிறது. கையால் பேரேடு எழுதிய காலத்தில் இயன்ற அந்தச் சலித்தெடுப்பு, தேதியும் பெயரும் போட்டுத் தேட முடிகிற காலத்தில் இயலாது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் அளவுகோலை ‘குழந்தையைத் தொட்ட பணம்’ என்று சொல்லலாம். பள்ளிக் கட்டணம் யார் கணக்கிலிருந்து போனது, தடுப்பூசிக்கும் மருத்துவமனைக்கும் யார் கட்டினார், மகளின் பெயரில் போட்ட செல்வமகள் சேமிப்பில் தவணை நின்றதா, தாத்தா குழந்தைக்கென்று போட்ட வைப்புத்தொகையை உடைத்தது யார்: இவை 17(2)இன் கடைசி உருப்படிக்குள் நேராகவே வருகின்றன. இவற்றைக் காட்ட மறுக்கும் பெற்றோருக்கு அந்தரங்கம் என்ற கேடயத்தை நான் தர மாட்டேன். மற்ற வரிகளுக்குத் தருவேன்.

அரசியல் சட்டப் பக்கம் நிலைமை சற்றுக் கலங்கியிருக்கிறது. வங்கியிடம் போன ஆவணத்திலும் வாடிக்கையாளரின் அந்தரங்கம் தொடர்கிறது என்று 2004ஆம் ஆண்டு கனரா வங்கி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோது, அதில் தலையிடச் சட்டமும் நியாயமான நோக்கமும் அளவுக்கேற்ற வழியும் வேண்டும் என்றது. மனைவியின் கைபேசி அழைப்புப் பட்டியலைக் கணவர் எடுத்துவந்த வழக்கில் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலையும் மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அந்தத் தீர்ப்போடு அந்தரங்க வாதம் முடிந்துவிட்டது என்பது அவசர முடிவு. அங்கே இருந்த கேள்வி, ஒருவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவை நீதிமன்றம் ஏற்கலாமா என்பது. சம்மன் அனுப்பி வங்கியிடமிருந்து வரவழைப்பதில் அரசின் அதிகாரமே இறங்குகிறது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவைக் காட்டுவோருக்கும் இதுவே பதில்: வந்ததை ஏற்கும் வாசலை அது அகலமாக்குகிறது, வராததை இழுத்துவரும் கையை அது நீட்டவில்லை.

‘விசாரணைதான் மூடிய அறையில் நடக்கிறதே’ என்ற சமாதானம் நெடுநேரம் பேசத் தக்கதல்ல. கதவை மூடினால் வெளியே நிற்பவர்கள் ஊரார். ஆபத்து வரக்கூடிய ஒருவர் கட்டின் நகலோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வருமானத்தை மறைப்பார்கள் என்ற வாதம் ஜீவனாம்சத்துக்கு உரியது. அங்கே அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தில் சம்பளத்தைக் கரைக்கும் தகப்பன், கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் தாய் என்று சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள் அப்படித் தள்ளத் தக்கவை அல்ல. அத்தகைய குறை இருந்தால் அதை மனுவில் தேதியோடு சொல்லட்டும். அந்தக் காலத்துக்குரிய பதிவுகளை நீதிபதி முதலில் தாமே பார்த்து, தொடர்புள்ளவற்றை மட்டும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கட்டும். குற்றம் சொல்லிவிட்டுச் சான்று தேடுவது வழக்கு. சான்றுக் குவியலைக் கேட்டு வாங்கி அதில் குற்றம் தேடுவதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

இங்கிலாந்தில் பணப் பங்கீடும் குழந்தை வழக்கும் வேறுவேறு விண்ணப்பங்களாகவே நடக்கின்றன. பணப் பங்கீட்டுக்கான படிவம் பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்ட் கேட்கிறது. அப்படி வெளிப்படுத்திய ஆவணத்தை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. அந்த ஒரு கட்டுப்பாட்டை நம் குடும்ப நல நீதிமன்றங்கள் தங்கள் நடைமுறையை வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கொண்டே நாளையே கொண்டுவரலாம். ரஜனேஷ் - நேஹா பிரமாணப் பத்திரத்தைப் பெறும்போது, ‘இது ஜீவனாம்ச மனுவுக்கு மட்டும், அனுமதியின்றி வேறு மனுவில் குறியிடக் கூடாது’ என்று ஒரு வரி ஆணையில் எழுதினால் போதும்.

இந்த அளவுகோலாலும் தீராத ஓர் இடம் உண்டு. பத்து வயது நிரம்பிய குழந்தை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே நடத்த ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் குழந்தையைத் தொட்ட பணமே. அப்பா அனுப்பியது எவ்வளவு, அதில் எதை அம்மாவிடம் கொடுத்தது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டது என்று எல்லாம் அதில் இருக்கும். இரு தரப்பும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையிடம் யாரோடு இருக்க விருப்பம் என்று நீதிபதி கேட்கலாம் என்கிறது 17(3). உன் கணக்கை இவர்கள் பார்க்கலாமா என்று அந்தக் குழந்தையிடம் கேட்க வேண்டும் என எந்தப் பிரிவும் சொல்லவில்லை.